ஊசி வாங்கிய மந்திரி! வேண்டாம் என்ற மந்திரி!

ஜெனிவாவில் சொன்ன ஒரு சொல்: ஐரோப்பாவில் கொட்டிய கோடிகள்

இரண்டு பெண்மணிகள். இருவரும் ஐரோப்பாவைச் சேர்ந்தவர்கள். இருவரும் சுகாதார மந்திரிகள்.

ஒருவர் பெயர் ரோஸ்லின் பாஷ்லோ. பிரான்சு நாட்டு மந்திரி. மருந்துக் கலை படித்துப் பட்டம் பெற்றவர்.

மற்றவர் பெயர் ஏவா கோபாச். போலந்து நாட்டு மந்திரி. அவர் ஒரு டாக்டர்.

2009-ம் ஆண்டில் இந்த இருவர் முன்னாலும் ஒரே கேள்வி வந்து நின்றது. "புதுக் காய்ச்சல் ஒன்று உலகமெங்கும் பரவுகிறது. மக்களுக்குத் தடுப்பூசி வாங்குவதா, வேண்டாமா?"

பிரெஞ்சு மந்திரி, "வாங்குவோம்" என்றார். 9 கோடியே 40 லட்சம் டோஸ் மருந்து தேவை என்று கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்தார். (ஒரு ஆளுக்கு ஒரு தடவை போடும் மருந்து ஒரு டோஸ்.)

போலந்து மந்திரி, "வேண்டாம்" என்றார். ஒரு டோஸ்கூட வாங்கவில்லை.

நோய் ஒன்றுதான். ஆண்டும் ஒன்றுதான். கிடைத்த எச்சரிக்கையும் ஒன்றுதான். முடிவு மட்டும் ஏன் கிழக்கும் மேற்குமாகப் போயிற்று?

இது மந்திரிகளின் சொந்த விவகாரம் அல்ல. மருந்துக்குக் கொடுக்கும் பணம் மக்களின் வரிப்பணம். ஊசி ஏறுவதும் மக்களின் கையில்தான். ஆகையால் இந்தக் கதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

மெக்சிகோவில் புறப்பட்டது

2009 ஏப்ரல் மாதம். மெக்சிகோ நாட்டில் திடீரென்று ஒரு காய்ச்சல் கிளம்பியது. ஆஸ்பத்திரிகள் நிரம்பின. சாதாரணக் காய்ச்சலில் வயதானவர்கள்தான் அதிகம் சாவார்கள். இந்தக் காய்ச்சலில் வாலிப வயதினரும் செத்தார்கள். அதனால் டாக்டர்கள் திடுக்கிட்டார்கள்.

மெக்சிகோ நகரத்தில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஓட்டல்களை மூடினார்கள். ஜனங்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு நடந்தார்கள்.

அதே நேரத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இரண்டு குழந்தைகளின் உடலில் இந்தப் புதுக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பன்றி, பறவை, மனிதன் ஆகிய மூவருக்கும் வரும் காய்ச்சல் கிருமிகளின் அம்சங்கள் கலந்து பிறந்த கிருமி அது. நம் நாட்டில் "பன்றிக்காய்ச்சல்" என்று பேசிக்கொண்டோமே, அதுதான் இது. 2009 ஆகஸ்டு மாதம் புனே நகரில் இந்தியாவின் முதல் சாவு நேர்ந்தது.

பன்றி இறைச்சி தின்பதால் இந்த நோய் வராது. இருமல், தும்மல் மூலமாக மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும். ஆனால் பீதி வந்தால் யார் இதையெல்லாம் கேட்கிறார்கள்? எகிப்து அரசாங்கம் தன் நாட்டில் இருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளையும் கொல்லும்படி உத்தரவு போட்டது!

ஜெனிவாவைப் பார்த்த கண்கள்

உலக நாடுகள் எல்லாம் அப்போது ஒரே இடத்தைப் பார்த்தன. அது சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனிவா நகரம். அங்கேதான் உலக சுகாதார ஸ்தாபனம் இருக்கிறது. ஐ.நா. சபையைச் சேர்ந்த இந்த ஸ்தாபனம் 1948-ல் தொடங்கப்பட்டது.

இது சாதாரண ஸ்தாபனம் அல்ல. பல நூற்றாண்டுகளாக மனித குலத்தை வாட்டிய பெரியம்மையை ஒழித்ததில் இதன் பங்கு பெரிது. பெரியம்மை உலகத்தைவிட்டே போய்விட்டது என்று 1980-ல் இந்த ஸ்தாபனம் அறிவித்தது. அதைச் சாதித்துக் கொடுத்ததும் தடுப்பூசிதான். ஆகவே, இந்த ஸ்தாபனம் ஒன்று சொன்னால் நாடுகள் காது கொடுத்துக் கேட்கும்.

2009-ல் அதன் தலைவராக இருந்தவர் மார்கரெட் சான் என்ற பெண் டாக்டர். ஹாங்காங்கைச் சேர்ந்தவர். 1997-ல் ஹாங்காங்கில் பறவைக்காய்ச்சல் 18 பேரைப் பிடித்தது. அவர்களில் 6 பேர் இறந்தனர். அப்போது அந்த ஊர் சுகாதார அதிகாரி இவர்தான். 15 லட்சம் கோழிகளையும் பறவைகளையும் கொல்லச் சொல்லி அந்த நோயை அடக்கினார். பிறகு 2003-ல் "சார்ஸ்" நோயையும் நேரில் பார்த்தார். சூடு கண்ட அனுபவம் அவருக்கு உண்டு.

நோய் பரவுவதை ஆறு படிகளாகப் பிரித்து வைத்திருந்தது அந்த ஸ்தாபனம். ஏப்ரல் 27-ந் தேதி நான்காம் படி என்றது. இரண்டே நாளில், 29-ந் தேதி, ஐந்தாம் படி என்றது. ஜூன் 11-ந் தேதி ஆறாம் படியை அறிவித்தது. "உலகக் கொள்ளைநோய் தொடங்கிவிட்டது" என்பது அதன் பொருள். காய்ச்சல் கிருமியால் அப்படி ஒரு நிலை வந்தது 1968-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அன்றைய கணக்குப்படி 74 நாடுகளில் ஏறக்குறைய 30 ஆயிரம் பேருக்கு நோய் கண்டிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆறாம் படி என்றால் நோய் வெகுதூரம் பரவிவிட்டது என்று அர்த்தம். நோய் மிகக் கொடியது என்று அர்த்தம் அல்ல. ஊரெல்லாம் ஜலதோஷம் பிடித்தாலும் ஊர் அழிந்துவிடாது அல்லவா? "இந்த நோய் நடுத்தரமானது, பெரும்பாலோர் வைத்தியம் இல்லாமலே குணமாகிறார்கள்" என்ற கருத்தை மார்கரெட் சான் அன்றைக்கே சொன்னார்.

ஆனால் உலகத்தின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். "கொள்ளைநோய்!"

அச்சாரம் கொடுத்து வைத்த மருந்து

அந்த ஒரு சொல் வெளிவந்ததும் பல நாடுகளில் பணப்பெட்டி திறந்துகொண்டது. எப்படி?

காய்ச்சலுக்கான தடுப்பு மருந்தைப் பெரும்பாலும் கோழி முட்டைக்குள் கிருமியை வளர்த்துத்தான் செய்கிறார்கள். புதுக் கிருமி வந்தால், அதற்கு ஏற்ற மருந்து வெளியே வரச் சுமார் ஆறு மாதம் ஆகும். உலகத்தில் உள்ள எல்லாத் தொழிற்சாலைகளும் சேர்ந்தாலும் எல்லோருக்கும் போதுமான மருந்தை உடனே செய்ய முடியாது.

முந்திக்கொண்டவனுக்குத்தான் மருந்து. இது பணக்கார நாடுகளுக்குத் தெரியும். பறவைக்காய்ச்சல் பயம் வந்தபோதே பல நாடுகள் மருந்துக் கம்பெனிகளுடன் ஒப்பந்தம் செய்து வைத்தன.

கல்யாணத்துக்கு முன்பே மண்டபத்துக்கு அச்சாரம் கொடுக்கிறோமே, அதுபோலத்தான். கல்யாணத் தேதி குறித்துவிட்டால் மண்டபம் நமக்கு. பாக்கிப் பணத்தையும் கட்டியாக வேண்டும்.

இந்தக் கல்யாணத்துக்குத் தேதி குறிப்பவர் யார்? அதுதான் விசேஷம்! உலக சுகாதார ஸ்தாபனம் ஆறாம் படியை அறிவித்ததும் ஒப்பந்தம் அமலுக்கு வரும் என்று பல நாடுகள் எழுதிக் கொடுத்திருந்தன. பிரிட்டனும் ஜெர்மனியும் அப்படி முன்கூட்டியே ஒப்பந்தம் செய்திருந்த நாடுகள். அதுவரை அந்தக் காகிதங்கள் தூங்கிக்கொண்டிருந்தன. ஜூன் 11-ந் தேதி விழித்துக்கொண்டன.

"இந்த மருந்தை வாங்கு" என்று எந்த நாட்டுக்கும் உத்தரவு போட உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அதிகாரம் கிடையாது. அது யோசனைதான் சொல்லும். 2009 ஜூலையிலும் யோசனைதான் சொன்னது. முதலில் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் ஊசி போடுங்கள், பிறகு கர்ப்பிணிகள் போன்றவர்களைக் கவனியுங்கள் என்றது.

ஆனாலும் பூட்டு லண்டனிலும் பெர்லினிலும் இருக்க, சாவி ஜெனிவாவில் இருந்தது. உத்தரவு போடாமலே செலவைத் தொடங்கி வைக்கும் சக்தி அதற்கு வந்துவிட்டது.

பிரான்சு போட்ட கணக்கு

பிரெஞ்சு அரசாங்கத்தின் கணக்கு இதுதான். நாட்டு மக்கள் சுமார் 6 கோடியே 40 லட்சம். நாலில் மூன்று பங்கு மக்கள் ஊசி போட வருவார்கள். ஆளுக்கு இரண்டு ஊசி தேவைப்படும். ஆகவே 9 கோடியே 40 லட்சம் டோஸ்.

மூன்று பெரிய கம்பெனிகளுக்கு ஆர்டர் போயிற்று. கிளாக்சோ கம்பெனிக்கு 5 கோடி. சனோபி கம்பெனிக்கு 2 கோடியே 80 லட்சம். நோவார்ட்டிஸ் கம்பெனிக்கு 1 கோடியே 60 லட்சம். மொத்த விலை 86 கோடியே 90 லட்சம் யூரோ!

கணக்கு காகிதத்தில் சரியாக இருந்தது. நடந்தது வேறு.

இலையுதிர் காலத்தில் சோதனை முடிவுகள் வந்தன. பெரியவர்களுக்கு ஒரே ஊசி போதும் என்று தெரிந்தது. அந்த நிமிடமே பாதி மருந்து உபரியாகிவிட்டது.

ஊசி போடும் ஏற்பாட்டிலும் கோளாறு. குடும்ப டாக்டர்களை முதலில் ஒதுக்கி வைத்தார்கள். ஊர் ஊராகப் பெரிய விளையாட்டுக் கூடங்களைப் பிடித்து, அங்கே ஜனங்களை வரச் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரருக்குத் தம் குடும்ப டாக்டர் மீதுதான் நம்பிக்கை. "என் டாக்டர் போடாத ஊசியை நான் ஏன் போட்டுக்கொள்ள வேண்டும்?" என்ற எண்ணம் பரவிற்று. நோயும் பயந்த அளவுக்குக் கொடியதாக இல்லை.

கடைசியில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 60 லட்சத்துக்கும் குறைவு. நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை!

2010 ஜனவரி 4-ந் தேதி, "5 கோடி டோஸ் வேண்டாம்" என்று பிரெஞ்சு மந்திரி அறிவித்தார். கம்பெனிகளுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. தேவைக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ள இடம் வைக்காமல் ஒப்பந்தம் போட்டது தவறு என்று அந்நாட்டுத் தணிக்கை மன்றம் பின்னர் கண்டித்தது.

பிரான்சு மட்டுமா? ஜெர்மனி 5 கோடி டோஸ் கேட்டது. பிறகு பேரம் பேசி 3 கோடியே 40 லட்சமாகக் குறைத்தது. அதிலும் பெரும்பகுதி போட்டுக்கொள்ள ஆள் இல்லாமல் தங்கியது. காலம் கடந்துபோன மருந்தை 2011-ல் மக்டபர்க் என்ற நகரில் எரித்துச் சாம்பலாக்கினார்கள். பிரிட்டன் இந்த நோயைச் சமாளிக்கச் செய்த மொத்தச் செலவு 120 கோடி பவுன் என்று அந்நாட்டு விசாரணை அறிக்கை சொன்னது.

"யாருக்காகக் கையெழுத்துப் போடுவது?"

இப்போது போலந்துக்கு வருவோம்.

2009 நவம்பர் மாதம். பக்கத்து நாடான உக்ரேனில் காய்ச்சல் பரவி ஒரே பீதி. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. "நம் நாட்டுக்கும் மருந்து வாங்கு" என்று போலந்தில் கூச்சல் கிளம்பியது. மக்கள் உரிமைகளைக் காக்கும் அதிகாரியாக இருந்த யானுஷ் கோஹனோவ்ஸ்கி என்பவர், மருந்து வாங்காவிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும் என்று மந்திரியை எச்சரித்தார்.

நவம்பர் 5-ந் தேதி ஏவா கோபாச் பார்லிமெண்டில் எழுந்து நின்றார். தான் மந்திரி மட்டும் அல்ல, பல ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்த டாக்டர் என்பதை நினைவூட்டினார். ஒப்பந்தத்தில் உள்ள குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்.

மருந்தைக் கம்பெனிகள் அரசாங்கத்துக்கு மட்டுமே விற்கும். கடையில் விற்காது. ஊசியால் யாருக்காவது கெடுதல் வந்தால் பொறுப்புக் கம்பெனிக்கு இல்லை. அரசாங்கமே ஏற்க வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதை வெளியே சொல்லவும் கூடாது.

"சுகாதார மந்திரியின் கடமை என்ன? போலந்து மக்களுக்கு நன்மையான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா? மருந்துக் கம்பெனிக்கு நன்மையான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா?" இதுதான் அவர் கேட்ட கேள்வியின் சாரம்.

பிரதமர் டொனால்டு டஸ்க் தம் மந்திரியின் பக்கம் நின்றார். போலந்து மருந்து வாங்கவில்லை.

அமெரிக்கா பட்ட பாடு

மந்திரியின் பயம் வீண் பயமா? அதற்குப் பதில் சொல்ல 33 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1976 பிப்ரவரி. அமெரிக்காவில் போர்ட் டிக்ஸ் என்ற ராணுவ முகாமில் ஒரு சிப்பாய் இறந்தார். அவரைக் கொன்றதும் ஒருவகைப் பன்றிக்காய்ச்சல்தான். "அமெரிக்காவில் உள்ள எல்லோருக்கும் ஊசி போடுவோம்" என்று ஜனாதிபதி போர்டு அறிவித்தார். நோய் பரவுகிறதா என்று கவனித்துக்கொண்டே பொறுத்திருக்கலாம் என்ற பக்கமே அன்று உலக சுகாதார ஸ்தாபனம் சாய்ந்தது.

மருந்து தயாரானதும் இன்சூரன்சு கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. கெடுதல் நேர்ந்தால் நாங்கள் பணம் தரமாட்டோம் என்றன. உடனே மருந்துக் கம்பெனிகளும் பின்வாங்கின. கடைசியில் அமெரிக்க அரசாங்கமே பொறுப்பு என்று சட்டம் செய்தார்கள்.

அக்டோபரில் ஊசி போடத் தொடங்கினார்கள். பத்து வாரங்களில் 4 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குப் போட்டார்கள். சிலருக்குக் கை கால் சுவாதீனம் இழக்கும் ஒரு நரம்பு நோய் வந்தது. லட்சத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான் வந்தது. ஆனால் எதிர்பார்த்த காய்ச்சலோ முகாமைத் தாண்டி வரவே இல்லை. வராத நோய்க்குப் போட்ட ஊசியால் ஒருவர் படுத்தாலும் அது அதிகம் அல்லவா? டிசம்பரில் ஊசி போடுவதை நிறுத்தினார்கள்.

அரசாங்கம் பொறுப்பு ஏற்றது, நஷ்டஈட்டையும் கொடுத்தது. கம்பெனிகள் தப்பித்தன.

பகலில் வந்த தூக்கம்

2009-லும் அப்படி ஒன்று நடந்துவிட்டது.

கிளாக்சோ கம்பெனியின் "பேண்டம்ரிக்ஸ்" மருந்து ஐரோப்பாவில் சுமார் 3 கோடிப் பேருக்குப் போடப்பட்டது. மிகப் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. ஆனால் 2010 ஆகஸ்டில் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் டாக்டர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். ஊசி போட்ட சில பிள்ளைகள் பகலில் அடக்க முடியாமல் தூங்கினார்கள். பள்ளியில் தூங்கினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கினார்கள். சிரித்தால் கால் துவண்டு விழுந்தார்கள். இது தீராத நோய்.

ஐரோப்பா முழுவதும் சேர்த்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இப்படி வந்தது. 20 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்த மருந்தைப் பொதுவாகப் போட வேண்டாம் என்று 2011 ஜூலையில் ஐரோப்பிய மருந்து அதிகார சபை கூறியது. நஷ்டஈடு கொடுக்கும் பாரம் அரசாங்கங்களின் தலையில் வந்து விழுந்தது. போலந்து மந்திரி எந்த நிபந்தனைக்குப் பயந்தாரோ, அந்த நிபந்தனைதான் இங்கே வேலை செய்தது.

ரகசியமாக இருந்த பெயர்கள்

2010-ல் கேள்விகள் கிளம்பின. ஐரோப்பிய கவுன்சில் சபை விசாரணை நடத்தியது. பிரிட்டிஷ் பார்லிமெண்டு உறுப்பினர் பால் பிளின் அறிக்கை தயாரித்தார். தேவைக்கு மேல் பயம் கிளப்பப்பட்டது, பொதுப் பணம் வீணாயிற்று, முடிவுகள் மூடுமந்திரமாக எடுக்கப்பட்டன என்று அறிக்கை குற்றம் சாட்டியது.

பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்று வேறொரு செய்தியை வெளியிட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் எந்த மருந்துகளைச் சேமித்து வைக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2004-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருந்தது. அதை எழுத உதவிய நிபுணர்களில் மூவர் மருந்துக் கம்பெனிகளிடம் பணம் வாங்கியவர்கள் என்பதே அந்தச் செய்தி. வழிகாட்டியில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

ஆறாம் படியை அறிவிக்க யோசனை சொன்ன கமிட்டி உறுப்பினர்களின் பெயர்களும் ரகசியமாகவே இருந்தன. கம்பெனிகள் அவர்களை நெருக்கிவிடக் கூடாது என்றுதான் ரகசியமாக வைத்தோம் என்று ஸ்தாபனம் சொன்னது. 2010 ஆகஸ்டில் கொள்ளைநோய் முடிந்தது என்று அறிவித்த பிறகே பெயர்களை வெளியிட்டது.

ஸ்தாபனம் தன்னையும் விசாரிக்க ஒரு குழு அமைத்தது. அதற்குத் தலைவர் ஹார்வி பைன்பர்க் என்ற அமெரிக்கர். 1976 அமெரிக்க ஊசிக் கதையை ஆராய்ந்து எழுதிய இருவரில் ஒருவர் இவர்தான்! இவரது குழு 2011-ல் தீர்ப்புச் சொன்னது. கம்பெனிகளுக்கு லாபம் தேடிக் கொடுக்கவே அறிவிப்புச் செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனால் பெயர்களை மறைத்தது சரியல்ல என்றும், நோயின் கொடுமையை அளந்து சொல்லத் தவறினார்கள் என்றும் கூறியது.

இறந்தவர்களை மறக்கலாமா?

இதுவரை படித்தவர்கள், "அப்படியானால் எல்லாம் வெறும் பூச்சாண்டியா?" என்று கேட்கலாம். இல்லை!

சோதனைச்சாலையில் உறுதி செய்யப்பட்ட சாவுகள் 18 ஆயிரத்துச் சொச்சம். ஆனால் ஏழை நாடுகளில் சோதனை செய்தது எத்தனை பேருக்கு? விஞ்ஞானிகள் பின்னர் கணக்கிட்டுப் பார்த்தார்கள். முதல் ஓராண்டில் ஒன்றரை லட்சம் முதல் ஐந்தே முக்கால் லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று 2012-ல் வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் 65 வயதுக்குக் குறைந்தவர்கள். குடும்பத்தைத் தாங்கும் வயது!

பணக்கார நாடுகள் மருந்தை வாரிக்கொண்டதால் ஏழை நாடுகள் காத்துக் கிடந்தன. ஸ்தாபனம் பல இடங்களில் தானம் கேட்டு வாங்கி, 77 நாடுகளுக்கு 7 கோடியே 80 லட்சம் டோஸ் கொடுத்தது. அது போய்ச் சேருவதற்குள் பல இடங்களில் நோய் அலை அடித்து ஓய்ந்துவிட்டது. ஓரிடத்தில் மருந்தை எரித்தார்கள். வேறோரிடத்தில் மருந்து இல்லை.

போலந்து என்ன ஆயிற்று? உறுதி செய்யப்பட்ட சாவுகள் அங்கே 200-க்கும் குறைவு. பிரான்சில் 300-க்கு மேல். ஆனால் பிரான்சின் ஜனத்தொகை போலந்தைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு. சோதனை செய்யும் முறையும் நாட்டுக்கு நாடு வேறு. ஆகவே பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இதில் அதிர்ஷ்டமும் உண்டு. கிருமி இன்னும் கொடியதாக இருந்திருந்தால் கதை மாறியிருக்கும். போலந்து மந்திரி குற்றவாளிக் கூண்டில் நின்றிருப்பார். அப்படி நடக்கவில்லை. 2014-ல் அவர் போலந்தின் பிரதமரானார்.

திட்டிய வாய் பாராட்டியது

பிரெஞ்சு மந்திரியின் கதை இன்னும் வேடிக்கை.

2010-ல் அவரைத் திட்டாதவர் இல்லை. "பணத்தைக் கொட்டிய மந்திரி" என்றார்கள். பிறகு வந்தவர்கள் இதைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். நிறைய வாங்கி வைத்தால் திட்டு விழும் என்று கையைச் சுருக்கிக்கொண்டார்கள். பாஷ்லோ காலத்தில் பிரெஞ்சு அரசாங்கத்தின் கிடங்கில் சுமார் 100 கோடி சாதாரண முகக்கவசங்கள் இருந்தன.

2020-ல் கொரோனா வந்தது. கிடங்கைத் திறந்தார்கள். பெரியவர்களுக்கான முகக்கவசம் 12 கோடிகூட இல்லை! நர்சுகளுக்கே பற்றாக்குறை. "பாஷ்லோ அம்மையார் செய்தது சரிதான்!" என்று அதே வாய்கள் பேசின. அந்த ஆண்டே அவர் மீண்டும் மந்திரியானார். இந்தத் தடவை கலாசார இலாகா.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அது நம்பிக்கை. 2018-ல் உலக நாடுகளில் ஒரு கருத்துக் கணிப்பு நடந்தது. தடுப்பூசி பத்திரமானது என்பதை ஒப்புக்கொள்ளாதவர்கள் அதிகம் இருந்த நாடு பிரான்சு. மூவரில் ஒருவர்! அதற்கு 2009 மட்டுமே காரணம் அல்ல. ஆனால் அந்த ஆண்டின் பங்கும் அதில் உண்டு. தட்டம்மை, கக்குவான் ஆகியவற்றுக்கான நல்ல ஊசிகளையும் மக்கள் சந்தேகித்தார்கள். 2018-ல் பிரெஞ்சு அரசாங்கம் குழந்தைகளுக்குக் கட்டாயமான தடுப்பூசிகளை மூன்றிலிருந்து பதினொன்றாக உயர்த்த வேண்டியிருந்தது.

பாடம் என்ன?

உலக சுகாதார ஸ்தாபனமும் பாடம் கற்றது. 2013-ல் தன் படிமுறையை மாற்றியது. "உலக நிலையை நாங்கள் சொல்கிறோம். உங்கள் நாட்டில் ஆபத்து எவ்வளவு என்பதை நீங்களே அளந்து முடிவு செய்யுங்கள்" என்பது புதிய முறையின் சாரம். புதுக் காய்ச்சல் வந்தால் கம்பெனிகள் மருந்தில் ஒரு பங்கை ஏழை நாடுகளுக்காக ஸ்தாபனத்திடம் கொடுக்கும் ஏற்பாடும் 2011-ல் உருவாயிற்று.

ஜெனிவாவின் எச்சரிக்கை நமக்குத் தேவை. கடலோரத்துக் கலங்கரை விளக்கம்போல அது இருக்க வேண்டும். விளக்கு பாறையைக் காட்டும். சுக்கானைப் பிடிப்பவன் கப்பலில் இருக்க வேண்டும்.

அடுத்த தடவை இப்படி ஒரு நோய் வரும்போது மக்கள் தங்கள் அரசாங்கத்தைக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. நோய் பரவுகிறது, சரி, எவ்வளவு கொடியது? மருந்து எத்தனை பேருக்குத் தேவை? தேவை குறைந்தால் ஆர்டரைக் குறைக்க இடம் இருக்கிறதா? கெடுதல் வந்தால் பொறுப்பு யாருக்கு? யோசனை சொன்னவர்கள் யார், அவர்கள் யாரிடம் பணம் வாங்குகிறார்கள்?

இந்தக் கேள்விகள் தடுப்பூசிக்கு விரோதமானவை அல்ல. தடுப்பூசியின் மீது உள்ள நம்பிக்கையைக் காப்பாற்றுபவை. பதிலைப் பகிரங்கமாகச் சொல்லும் அரசாங்கத்தை நம்பி, தாய்மார்கள் தயங்காமல் குழந்தையின் கையை நீட்டுவார்கள்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று சொன்னவர்களும் அவர்களே. இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் நல்ல அரசாங்கம்.